ஏழாயிரம் முறை உள்ளே போகும் கை

கோவை கணபதிப் பக்கம் பிரஸ் பட்டறை நடத்தும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மாமனார் தொடங்கிய பட்டறை. கணவர் தவறிய பிறகு மூன்று வருடமாக இவர்தான் பார்த்துக்கொள்கிறார். தகட்டை அடித்து வெட்டிப் பாகமாக்கும் பவர் பிரஸ் ஆறு. ஒரு பம்ப் கம்பெனிக்கு விசிறி மூடி, வாஷர், டெர்மினல் தகடு அடித்துக் கொடுக்கிறார்கள். சொந்த ஆட்கள் எட்டுப் பேர், காண்ட்ராக்டர் அனுப்பும் வடமாநிலப் பையன்கள் ஆறு பேர். போன மாதம் நைட் ஷிப்டில், விடிகாலை நாலு மணி சுமாருக்கு, வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாளே ஆன ஒடிசாப் பையன் ஒருவனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அவனுக்கு வயது 21.

தனியார் ஆஸ்பத்திரிச் செலவை இவரே கட்டியிருக்கிறார். பையன் கையில் 50,000 ரூபாய் கொடுத்து, "என் கவனக்குறைவால் நடந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார் காண்ட்ராக்டர். எந்த அலுவலகத்துக்கும் தகவல் கொடுக்கவில்லை. மறுநாளே எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு அதே பிரஸ்ஸை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"கையுறை கொடுத்திருந்தேன். சுவரில் 'கவனம்' என்று பெரிதாகப் போர்டும் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் நான் என்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்கிறார். ஒரு சேல்ஸ்மேன் வந்து, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்திவிடும் சென்சாரை ஆறு பிரஸ்ஸுக்கும் மாட்டச் சொல்கிறாராம். லோன் போடலாமா என்று யோசிக்கிறார். கணக்கு எழுதுபவரோ, "புதுச் சட்டத்துல இருபது பேர் இருந்தாத்தானுங் பேக்டரி, நமக்கு ஒண்ணும் வராதுங்" என்கிறாராம். கடைசியில், "ராத்திரி பிரஸ் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே போன் எடுத்து, விபத்து நடந்த அந்த நாலாம் நம்பர் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். மெயின் சுவிட்சை ஆப் செய்து பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். லாட் பாதியில் இருந்தாலும் சரி. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் வருத்தம் இருக்கிறது. தூக்கம் போகிறது என்றால் மனசு சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த வருத்தத்தோடு சில தப்பான கணக்குகளும் கலந்திருக்கின்றன. அவற்றை ஒளிக்காமல் சொல்வதுதான் உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் நான் செய்யக்கூடிய மரியாதை.

கவனம் என்ற போர்டு

ஒரு நைட் ஷிப்டில் 7,000 பீஸ் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் கையால் பிளாங்க், அதாவது வெட்டிய தகட்டுத் துண்டு, வைத்து, பெடல் மிதித்து, கையாலேயே எடுக்கிறான். அதாவது கீழே இருக்கும் டை என்ற அச்சுக்கும் மேலிருந்து இறங்கும் பஞ்ச் என்ற அச்சுக்கும் நடுவே அவன் கை ஒரு ராத்திரியில் ஏழாயிரம் முறையாவது போய் வருகிறது. ரொம்ப நிதானமானவன், பத்தாயிரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அவன் கவனம் சிதறும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு தடவை இரண்டாம் நாள் ராத்திரியே வந்துவிடும். பதினோரு நாள் அவன் விரலைக் காப்பாற்றியது அவனுடைய கவனம்தான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் எட்டாவது மணியில், மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிற விடிகாலை நாலு மணிக்கு, அது தீர்ந்துபோயிற்று.

தொழிற்பாதுகாப்பில் நாங்கள் முதலில் கற்கும் பாடமே இதுதான். ஆபத்து வேறு, அது நேர்வதற்கான வாய்ப்பு வேறு. பஞ்சைத் தாங்கிப் பல டன் அழுத்தத்தோடு இறங்கும் ராம் என்ற பாகம் ஆபத்து. அது பிரஸ் இருக்கும் வரை இருக்கும். அதன் கீழே கை எத்தனை முறை போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் ராம் தானாக இறங்க வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்ததுதான் வாய்ப்பு. போர்டு இதில் எதையும் மாற்றாது. அதுவும் தமிழ்ப் போர்டு, ஒடியா பேசும் பையனுக்கு.

கையுறை விஷயமும் அப்படித்தான். தகட்டு விளிம்பு கிழிக்காமல் இருக்கக் கையுறை நல்லது, கட்டாயம் கொடுங்கள். பிரஸ் அடியிலிருந்து எந்தக் கையுறையும் விரலைக் காப்பாற்றாது. உங்கள் டிரில்லிங் மெஷினில் கையுறை போடவே கூடாது, சுற்றும் பிட் துணியைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கையுறைக்காகச் சம்பளத்தில் 40 ரூபாய் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் டிப்ளமோ முடித்து முதன்முதலில் சேர்ந்த பிரஸ் ஷாப்பில் மூத்த ஆபரேட்டர்கள் மூன்று பேருக்கு விரல்கள் குறைவு. "வெரலு முழுசா வெச்சிருக்கறவனுக்கு பிரஸ்ஸப் பத்தி என்னடா தெரியும்" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். விரல் போவது இந்தத் தொழிலின் கூலி மாதிரி, அனுபவத்தின் அடையாளம் மாதிரி ஆகியிருந்தது. ஆவாரம்பாளையத்திலும் சிங்காநல்லூரிலும் குறிச்சி சிட்கோவிலும் இன்றைக்கும் அந்தப் பேச்சு காதில் விழுகிறது. அது உண்மையில்லை அம்மணி. பிரஸ் வேலையில் விரல் போக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "முந்தின நாள் மெஷின் டபுள் அடிக்கிறது என்று அந்தப் பையன் இந்தியில் ஏதோ சொன்னானாம். லாட் முடியட்டும், பார்த்துக்கலாம் என்று போர்மேன் சொல்லியிருக்கிறார்."

நான் இந்த வரியை நாலைந்து முறை படித்தேன். நீங்கள் அடுத்த வரியிலேயே மறுபடி அவன் கவனக்குறைவுக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் பிரஸ்கள் எல்லாம் பழைய சாவி கிளட்ச் வகை. மோட்டாரும் அது சுழற்றும் ப்ளைவீல் என்ற கனத்த சக்கரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் சாவி திரும்பி, ராமை இயக்கும் கிராங்கைப் ப்ளைவீலோடு பூட்டும், ராம் இறங்கி ஏறும், மேலே வந்ததும் சாவி விடுபட்டு பிரேக் பிடித்து நிற்கும். சாவியின் முனை தேய்ந்துவிட்டால், அதன் ஸ்பிரிங் உடைந்தால், பிரேக் லைனிங்கில் ஆயில் ஏறினாலோ தளர்ந்தாலோ, ராம் மேலே நிற்காமல் மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கும். டபுள் அடிப்பது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பீஸை எடுக்கக் கை உள்ளே போகிற அதே நொடியில்தான் அந்த இரண்டாவது அடி விழும். அங்கே கவனம் என்ன செய்யும்? பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, முறைப்படிதான் அவன் கையை நீட்டியிருப்பான்.

அன்றைக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. கிளட்சைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த ஃபிட்டரை வைத்துக் கழற்றுங்கள், சாவியையும் ஸ்பிரிங்கையும் போட்டோ எடுங்கள், பழைய பாகங்களைத் தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள், தூக்கி எறியாதீர்கள். மற்ற ஐந்து பிரஸ்களிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். எலுமிச்சை சுற்றியதில் தப்பில்லை, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற கையால்தானே நாமெல்லாம் மெஷினைத் தொடுகிறோம். ஆனால் அந்தப் பூஜைக்கு முன்னால் கிளட்ச் மூடியைத் திறந்திருக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் தகடு வைக்காமல் பத்து அடி அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ராம் உச்சியில் சரியாக நிற்க வேண்டும். ஒரு தடவை வழுக்கினாலும் சிவப்புச் சீட்டு, பிரஸ் நிறுத்தம். அந்தச் சீட்டைத் தொங்கவிடும் உரிமை போர்மேனுக்கு மட்டும் இருந்தால் போதாது. பதினோரு நாள் பையனுக்கும் வேண்டும். உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் அதை முதலாளியிடமும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமையைச் சட்டமே தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. கேட்டதும் சரிசெய்வது உங்கள் கடமை. அவன் தன் பங்கைச் செய்திருக்கிறான். உங்கள் பட்டறையில் அதைக் காதில் வாங்க ஏற்பாடு இல்லாமல் போயிற்று.

ஏற்பாடு பெரிதாக ஒன்றும் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் கால் மணி நேரம், டீ கொடுக்கும்போது, பதினாலு பேரையும் நிற்க வைத்து, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எந்த மெஷின்ல உக்கார உங்களுக்குப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். முதல் வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னவன் திட்டு வாங்கவில்லை, சொன்னது ரிப்பேர் ஆயிற்று என்று கண்ணால் பார்த்த பிறகு பேசுவார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் ஒவ்வொரு பட்டறையிலும் இருக்கும். அவை உங்கள் காதுக்கு வராதவரை, பயம் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாகத்தான் இருப்பீர்கள்.

லோன் போட வேண்டாம்

சென்சார் பற்றி. நல்ல சாதனம்தான், சரியான பிரஸ்ஸில் விரலைக் காப்பாற்றும். உங்கள் பிரஸ் அதற்குச் சரியானதல்ல. சாவி கிளட்ச் ஒரு முறை பூட்டிவிட்டால் முழுச் சுற்று முடியும் வரை எதனாலும் விடுவிக்க முடியாது. சென்சார் கையைப் பார்க்கும், மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும், ஆனால் ப்ளைவீலில் ஏறிய வேகம் ராமைக் கீழே கொண்டுபோய் விடும். பாதி வழியில் ராமை நிறுத்தக்கூடிய, காற்றால் இயங்கும் பிரிக்‌ஷன் கிளட்சும் நல்ல பிரேக்கும் உள்ள பிரஸ்களுக்குத்தான் அது பொருந்தும். சாவி கிளட்சில் மாட்டினால் ஆபரேட்டருக்குப் பொய்த் தைரியம் வரும், அது இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

இரண்டு கைகளாலும் பட்டன் அமுக்கினால்தான் அடிக்கும் என்கிற ஏற்பாட்டையும் சிலர் சொல்வார்கள். அதுவும் டபுள் அடியைத் தடுக்காது. பட்டனை விட்டுக் கையை உள்ளே நீட்டும்போது இரண்டாவது அடி வந்தால் அதற்கு அங்கே பதில் இல்லை.

பின் என்ன வழி? ஒரு ஆபத்தைக் கையாளும்போது நாங்கள் மேலிருந்து கீழாக வருவோம். முதலில் அந்த ஆபத்தான வேலையே இல்லாமல் செய்ய முடியுமா? முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள வேறு முறை உண்டா? அதுவும் இல்லையென்றால் மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு. அதன் பிறகுதான் பயிற்சி, போர்டு, கையுறை எல்லாம். நீங்கள் கீழ்ப்படியில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டீர்கள், கொங்கு நாட்டில் பெரும்பாலான பட்டறைகள் அப்படித்தான் நிற்கின்றன.

உங்கள் வேலையில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

டெர்மினல் தகட்டை ஒரு பிரஸ்ஸில் வெட்டி, இன்னொரு பிரஸ்ஸில் கையால் வைத்து ஓட்டை போடுகிறீர்கள். வெட்டும் துளையும் ஒரே டையில், தகட்டுப் பட்டை வெளியிலிருந்தே நகர்ந்துகொண்டு போகும்படி செய்ய முடியும். புரோகிரசிவ் டை என்றால் உங்கள் டை மேக்கருக்குத் தெரியும். அப்போது இரண்டாவது பிரஸ்ஸில் கை வைக்கும் வேலையே மறைந்துவிடுகிறது. டை பம்ப் கம்பெனியின் சொத்து என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே இதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு அடி மிச்சம் என்பது பீஸ் விலையில் அவர்களுக்கும் தெரியும் லாபம். மறுத்தால் அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாஷர் அடிப்பது பட்டையை உள்ளே தள்ளுகிற வேலை. இதற்குக் கை உள்ளே போகவே தேவையில்லை. டையைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு கூண்டு, நம் ஆட்கள் கார்டு என்பார்கள், அதில் பட்டை நுழைய ஒரு கீறல் போன்ற வழி. அந்த வழியின் உயரம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் விரல் நுழையாது. இது வெல்டிங் வேலை. உங்கள் பட்டறையிலேயே கிடக்கும் தகடும் ஒரு ஃபிட்டரின் ஒரு நாள் கூலியும் போதும். போல்ட்டால் இறுக்குங்கள், ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியக் கூடாது, ஸ்பானர் டை செட்டரிடம் மட்டும் இருக்கட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஆபரேட்டருக்குத் தெரியும்படி கம்பிகளாலோ கெட்டியான கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் தகட்டாலோ செய்யுங்கள். தெரியாவிட்டால் இரண்டே நாளில் யாராவது கழற்றிவிடுவார்கள்.

விசிறி மூடிதான் கஷ்டமானது, பிளாங்கைக் கையால்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பையன் விரல் போனதும் இந்த வேலையில்தான். இதற்கு டிராயர் மாதிரி வெளியே இழுக்கும் தட்டு ஒன்று செய்யலாம். கூண்டுக்கு வெளியே தட்டில் பிளாங்கை வைத்து உள்ளே தள்ள வேண்டும், தட்டு முழுதாக உள்ளே போனால்தான் பெடல் மிதிபடும்படி ஒரு கொக்கி. அடித்த பீஸை ஸ்பிரிங் எழுப்பிவிடும், காற்று ஊதித் தள்ளிவிடும். இதைச் செய்து முடிக்கும் வரை இடுக்கியும் காந்தக் கோலும் கொடுங்கள், ஆனால் அவை இடைக்கால ஏற்பாடு என்பதை மறந்துவிடாதீர்கள். அவசரத்தில் முதலில் கீழே போடப்படுவது இடுக்கிதான்.

முதல் வாரம் பீஸ் குறையும். இதில் உங்களுக்கு ஆறுதலாக ஒன்றைச் சொல்லி ஏமாற்ற மாட்டேன். டிராயர் தட்டுக்குக் கை பழகிய பிறகு பெரும்பாலும் பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிடும், சில வேலைகளில் தாண்டியும் போகும், ஏனென்றால் பயந்து பயந்து கையை எடுக்க வேண்டியதில்லை. அதுவரை பீஸ் ரேட்டை நிறுத்திவிட்டு நாள் சம்பளமாகக் கொடுங்கள். கார்டைக் கழற்றினால் காசு கூட வரும் என்கிற நிலையை நாமே உண்டாக்கிவிட்டு, கழற்றியவனைத் திட்டுவதில் நியாயமில்லை.

சின்ன விஷயங்கள் இரண்டு. பெடலுக்கு மேலே மூடி போடுங்கள், ஒரு ஸ்பானர் தவறி விழுந்தால்கூட ராம் இறங்கிவிடும். டை மாற்றும்போது மோட்டாரை ஆப் செய்தால் போதாது, ப்ளைவீல் ஓய்ந்து நின்ற பிறகு ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுத்தான் கை உள்ளே போக வேண்டும்.

புதுப் பையன்களை முதல் சில வாரம் பேக்கிங்கிலும் பீஸ் செக்கிங்கிலும் போடுங்கள். கையால் வைக்கும் வேலையை ராத்திரியில் ஓட்டாதீர்கள்.

"காண்ட்ராக்டர் ஆள்தானே"

இல்லை. சம்பளச் சீட்டு யார் எழுதினாலும், உங்கள் கூரைக்குக் கீழே, உங்கள் மெஷினில், உங்கள் போர்மேன் சொல்படி வேலை செய்கிறவனின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. காண்ட்ராக்டருக்கும் பொறுப்பு உண்டு, அதனால் உங்களுடையது குறைவதில்லை. கடமையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், கைமாற்றிவிட முடியாது.

எட்டுப் பேர் என்று நீங்கள் எண்ணுவதும் இதே தவறுதான். பதினாலு பேர். பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பதிவு கட்டாயம், காண்ட்ராக்டர் ஆட்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு உங்கள் கையிலிருந்து மாதம் 488 ரூபாய். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டி, அவர் பில்லில் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது.

கணக்கர் சொன்னது பாதி சரி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபதாக்கியிருக்கிறது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் அதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. ஆபத்தில்லாத பணியிடம் தருவது, இலவசமாக ஆண்டு மருத்துவப் பரிசோதனை செய்விப்பது, ஒருவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாதபடி காயம்பட்டால் அறிவிப்புக் கொடுப்பது எல்லாம் உங்களுக்கும் உண்டு.

அந்த அறிவிப்பை நீங்கள் கொடுக்கவில்லை. கொடுங்கள். தமிழ்நாட்டில் இதற்கான துறை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கோவையிலேயே அலுவலகம் இருக்கிறது. தாமதத்துக்கு அபராதமோ நடவடிக்கையோ வரலாம், வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு, கிளட்சைச் சரிசெய்த பில், கார்டு மாட்டிய போட்டோக்களோடு நீங்களே போய்ச் சொல்வது ஒன்று. இன்னொரு விபத்து நடந்து, பழையதும் மறைக்கப்பட்டிருந்தது என்று வெளிவருவது வேறொன்று.

அந்தப் பையன்

கைநாட்டு வாங்கிய தாளைப் பற்றி. வேலையில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி எழுதிக் கொடுத்துவிட்டதாகப் போடும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. "அவன் கவனக்குறைவு" என்பதும் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. குடித்துவிட்டு வேலை செய்தது, தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. உங்கள் பிரஸ்ஸில் தடுப்பே இல்லை, இல்லாததை அவன் கழற்றியிருக்க முடியாது.

சட்டத்தின் அட்டவணைப்படி ஒரு கையில் இரண்டு விரல் இழப்பு என்பது சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு. சம்பளம் 15,000, வயது 21 என்றால் கணக்கு இப்படி: சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. வயதுக்குரிய காரணி 222.71. பெருக்கினால் 20 லட்சத்துச் சொச்சம், அதில் 20 சதவீதம் ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவு இதில் சேராது, அது தனியாக முதலாளி பொறுப்பு. அவன் கையில் வந்தது 50,000.

முதல் நாளிலிருந்தே இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால், நிரந்தர ஊன உதவியாக அதே 20 சதவீத இழப்புக்கு மாதம் 2,700 ரூபாய் அளவில் வாழ்நாள் முழுவதும் அவனுக்கு வந்துகொண்டிருக்கும். இப்போது இ.எஸ்.ஐ. வழியா, இழப்பீட்டுக்கான அதிகாரி வழியா என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பதிவு செய்யாமல் விட்டதற்காக இ.எஸ்.ஐ. உங்களிடமிருந்து வசூலிக்கவும் கூடும். எந்த வழியானாலும் உரிய அதிகாரி முன் பதிவாகும்படி கொடுங்கள். காண்ட்ராக்டர் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் உங்கள் ஆட்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து, காயம்பட்டவரோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். விரல் நேராக ஐஸ் மேலோ தண்ணீருக்குள்ளோ படக் கூடாது. துண்டான விரல்களை ஒட்டும் அறுவைச் சிகிச்சைக்கு வெளி ஊர்களிலிருந்தெல்லாம் தேடி வருகிற கங்கா மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது. உங்கள் பையனின் விரல்களைத் தேடி எடுக்கவே விடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நசுங்கிப்போனதை ஒட்ட முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம், ஆனால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இதை ஒரு தாளில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள்.

அவன் இப்போது காண்ட்ராக்டர் எடுத்திருக்கும் அறையில் படுத்திருக்கிறான், ஊருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நேரில் போய்ப் பாருங்கள், வழக்கு வரும் என்று பயந்து தள்ளி நிற்காதீர்கள். கைக்குப் பிசியோதெரபி தொடர்ந்து வேண்டும், அதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வர விருப்பமிருந்தால் பீஸ் செக்கிங்கிலோ ஸ்டோரிலோ அதே சம்பளத்தில் இடம் கொடுங்கள், வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

போகும்போது இரண்டு மொழியும் தெரிந்த அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். முந்தின நாள் நாலாம் நம்பர் பிரஸ்ஸைப் பற்றி என்ன சொன்னான், யாரிடம் சொன்னான், எத்தனை தடவை டபுள் அடித்தது என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொல்வதைத் தேதியோடு அப்படியே எழுதிக்கொண்டு வந்து, கிளட்சைத் திறக்கும் ஃபிட்டரிடம் முதலில் காட்டுங்கள்.